திறந்த பூட்டும் மறைந்த திறவுகோலும்

1844ஆம் ஆண்டின் முற்பகுதியிலே, இலண்டன் மாநகரில் அகதியாக வாழ்ந்துவந்த இத்தாலியத் தேசியவாதியாகிய ஜியுசெப்பே மற்சினி, தமக்கு வரும் கடிதங்கள் இடைவழியிற் பிரித்து வாசிக்கப்படுகின்றன என ஐயுறத் தொடங்கினார். ஐயத்தைத் தெளிந்துகொள்ள அவர் கையாண்ட உபாயம் மிக எளியது. நண்பர்களைக் கொண்டு தமது முகவரிக்கே கடிதங்களை அனுப்புவித்து, அவற்றினுள்ளே கசகசா விதைகளையும் மணற் பருக்கைகளையும் மயிரிழைகளையும் இடுவித்தார். கடிதங்கள் வந்து சேர்ந்தன. முத்திரைகளிற் பழுதெதுவும் வெளித்தெரியவில்லை. ஆயின், உள்ளே இட்டவற்றைக் காணவில்லை. தபாற் கந்தோரின் திகதி முத்திரைகளை நுணுகி நோக்கியபோது, கடிதங்கள் தாமதித்தமையை மறைக்கும் பொருட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இரு முத்திரைகள் குத்தப்பட்டிருந்தமையும் புலனாயிற்று.

கோவலனுக்கு மாதவி விடுத்த ஓலையின் மண் இலச்சினையிலே அவளது கூந்தல் பதிந்திருந்தமையையும், அதன் வாசனை கொண்டே விடுத்தவள் யாரென அவன் உணர்ந்தமையையும் சிலப்பதிகாரங் கூறும். மாதவியின் கூந்தல் ஓலை இன்னாருடையது என்பதைக் காட்டிற்று. மற்சினியின் மயிரிழை ஓலை பிறர் கைப்பட்டது என்பதைக் காட்டிற்று. முத்திரையொன்றினால் ஆகக்கூடிய பணிகள் இவ்விரண்டுமே. பிறர் கைபடாது தடுத்தல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. பல நூற்றாண்டுகளாகக் கடிதத்தின் அந்தரங்கம் என்பது, அதனைச் சுமந்து செல்பவனின் நேர்மையையும் அவனை ஆள்பவனின் சட்டத்தையும் மாத்திரமே நம்பியிருந்தது என்பது இவ்விடத்தே மனங்கொள்ளத் தக்கது.

சட்டம் இல்லாமலில்லை. ஆன் அரசியின் காலத்தில், 1711ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தபாற் சட்டம், அரச செயலாளரின் எழுத்து மூலமான ஆணையின்றி எவரும் கடிதங்களைப் பிரித்தலாகாது என விதித்திருந்தது. மற்சினியின் கடிதங்களைப் பிரிப்பதற்கும் அத்தகைய ஆணையொன்று இருந்தது. அதில் ஒப்பமிட்டவர் உள்நாட்டு அமைச்சர் சேர் ஜேம்ஸ் கிறஹாம். ஜூன் 14ஆந் திகதி, பின்ஸ்பரித் தொகுதி உறுப்பினரான தோமஸ் டன்கோம், மற்சினியும் சாசன இயக்கத் தலைவர்களுள் ஒருவரான வில்லியம் லவெற்றும் வேறிருவரும் ஒப்பமிட்ட மனுவொன்றினைப் பொதுமக்கள் சபையிற் சமர்ப்பித்தபோது நாடெங்குங் கொந்தளிப்பு ஏற்பட்டது. தோமஸ் கார்லைல் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அமைச்சரின் பெயரே ‘கடிதத்தைக் களவாகப் பிரித்தல்’ எனும் பொருளில் வினைச்சொல்லாகி மக்கள் நாவிற் பயின்றது. பதினைந்தாண்டுகள் கழிந்தும் அமைச்சர் இப்பழியினின்று முற்றாக விடுபடவில்லை என்பர்.

கொந்தளிப்புக்கு வேறொரு காரணமும் இருந்தது. மற்சினியோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த பண்டியேரா சகோதரர் இருவரும், ஒஸ்திரியக் கடற்படையினின்று விலகித் தென்னித்தாலியிற் கிளர்ச்சி செய்ய முயன்று பிடிபட்டு, ஜூலை 25ஆந் திகதி கொசென்சா நகரருகே தம் தோழர் எழுவரோடு சுட்டுக் கொல்லப்பட்டனர். கடிதங்களினின்று திரட்டப்பட்ட செய்திகள் ஒஸ்திரியாவுக்குத் தெரிவிக்கப்பட்டமை உண்மையே. அச்செய்திகளே அவர்களைக் காட்டிக்கொடுத்தன என மற்சினி நம்பினார். வரலாற்றாசிரியர் பலர் இதனை ஏற்பதில்லை. எனினும், பிரிக்கப்பட்ட கடிதம் எங்கு போய்ச் சேரும் என்பதை அதனைப் பிரித்தவரும் அறியார் என்னும் உண்மை அக்காலத்து மக்களுக்கு இதனாற் பளிச்சென விளங்கிற்று.

பாராளுமன்றத்தின் இரு சபைகளும் இரகசிய விசாரணைக் குழுக்களை அமைத்தன. தபாற் கந்தோரினுள்ளே வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரிப்பதற்கென ‘இரகசியக் காரியாலயம்’ ஒன்றும், மறையெழுத்துக்களை விடுவிப்பதற்கென வேறொரு பிரிவும் நெடுங்காலம் இயங்கி வந்தமை அப்போதுதான் பகிரங்கமாயிற்று. பின்னைய பிரிவு வில்லிஸ் என்னும் ஒரே குடும்பத்தாரின் பரம்பரைத் தொழில்போல நூறாண்டுகளுக்கு மேலாக நடைபெற்றது. அக்குடும்பத்தின் மூத்தவர் மறையெழுத்து விடுவித்தபடியே பிஷப் பதவியும் வகித்தார் என்பது சுவையான செய்தி. அவ்வாண்டிலேயே இரு பிரிவுகளும் மூடப்பட்டன. ஆயின், கடிதங்களைப் பிரிக்க ஆணையிடும் அதிகாரம் மட்டும் சட்டத்திலே இருந்தபடியே இருந்தது. ஊழியர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அதிகாரம் வீட்டுக்குப் போகவில்லை.

இந்நிகழ்ச்சிக்கு ஏழாண்டுகளின் பின்னர் அதே இலண்டனில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி, மேலோட்டமாக நோக்குவோர்க்குக் கடிதத்தோடு தொடர்பற்றதாகத் தோன்றும். 1851ஆம் ஆண்டின் மாபெருங் கண்காட்சிக்கு அமெரிக்கப் பூட்டுக் கம்பனியொன்றின் சார்பில் வந்திருந்த அல்பிரட் ஹொப்ஸ் என்பவர், திறக்கவே முடியாதது எனப் பெயர்பெற்றிருந்த சப் கம்பனியின் பூட்டினைச் சாட்சிகளின் முன்னிலையில் இருபத்தைந்து நிமிடங்களில் திறந்துகாட்டினார். அடுத்து, பிக்கடிலி வீதியிலே பிராமா கம்பனியின் கடைச் சாளரத்திற் பல தசாப்தங்களாக வைக்கப்பட்டிருந்த பூட்டினை எடுத்துக்கொண்டார். அதனைத் திறப்பவர்க்கு 200 கினி பரிசு என அறிவிக்கப்பட்டிருந்தது. பதினாறு நாட்களிற் பரந்து கிடந்த ஐம்பத்தொரு மணி நேர உழைப்பின் பின் அதுவுந் திறந்தது.

ஹொப்ஸ் திறந்த பூட்டுக்களைவிட அவர் எழுப்பிய விவாதமே முக்கியமானது. பூட்டுக்களின் குறைபாடுகளைப் பகிரங்கமாகப் பேசுவது கள்வர்க்குப் பாடஞ் சொல்வதாகாதா எனப் பலர் கேட்டனர். தம் தொழிலிற் கள்வர் மிகத் தேர்ந்தவர்கள் என்றும், பிறர் அவர்களுக்குக் கற்பிக்கக்கூடியதை அவர்கள் முன்னரே அறிவர் என்றும், அறியாதிருப்பவர் பூட்டை நம்பி உறங்கும் வீட்டுக்காரரே என்றும் 1853இல் வெளிவந்த, ஹொப்ஸின் கருத்துக்களைத் தாங்கிய நூல் விடை கூறிற்று. குறையை மறைத்தலால் நன்மை பெறுபவன் பூட்டு வியாபாரி ஒருவனே.

இக்கருத்தைக் கடிதத்துக்குக் கொண்டுவந்தவர் மொழியாசிரியர் ஒருவர் என்பது கலைப்பீடத்தார் மகிழத்தக்க செய்தியாகும். ஒல்லாந்தில் 1835ஆம் ஆண்டிற் பிறந்து பாரிசிலே ஜேர்மன் மொழி கற்பித்துவந்த ஒகுஸ்ற் கெர்க்கோவ்ஸ், 1883ஆம் ஆண்டில் பிரெஞ்சு இராணுவ அறிவியற் சஞ்சிகையொன்றில் இரு பகுதிகளாக எழுதிய கட்டுரையிலே, நல்ல மறையீட்டு முறையொன்றுக்கு இருக்கவேண்டிய ஆறு பண்புகளை வகுத்தார். அவற்றுள் இரண்டாவதே இன்றளவும் நிலைத்து நிற்பது. மறையீட்டு முறை இரகசியமாக இருத்தல் அவசியமன்று. அது பகைவர் கையில் அகப்பட்டாலுந் தீங்கு நேராதவாறு அமைதல் வேண்டும். இரகசியமாக இருக்கவேண்டியது திறவுகோல் ஒன்றே. பொறி ஒன்றின் அமைப்பினைப் பல்லாயிரம் போர்வீரர் அறிந்திருப்பர். அவர்களுள் ஒருவன் பிடிபட்டதும் அமைப்பு முழுவதையும் மாற்ற இயலாது. திறவுகோலையோ ஒரு நொடியில் மாற்றலாம். பின்னாளில் இவரே ‘வொலபூக்’ என்னும் செயற்கை உலகமொழியைப் பரப்ப முனைந்து அதிற் புகழும் ஏமாற்றமும் ஒருங்கே பெற்றார். மனிதர் எல்லாரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதும், விரும்பாதபோது விளங்காதிருக்கவேண்டும் என்பதும் ஒரே உள்ளத்தில் உதித்த கருத்துக்கள்.

இக்கோட்பாடு ஏட்டிலே ஏறிற்றேயன்றி அரசாங்கங்களின் நடைமுறையில் ஏற நெடுங்காலம் எடுத்தது. ஜேர்மனியரின் எனிக்மா இயந்திரத்தின் உள்ளமைப்பை 1932ஆம் ஆண்டிலேயே போலந்துக் கணிதவியலாளர் மரியன் றெஜெவ்ஸ்கி கணிதத்தால் மீட்டெடுத்ததும், 1939 ஜூலையிற் போலந்தினர் தம் அறிவினைப் பிரித்தானியருக்கும் பிரெஞ்சினருக்கும் வழங்கியதும் பலரும் அறிந்தவை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் மறையீட்டியல் அரசாங்கங்களின் தனியுடைமையாயிற்று. பொதுமக்களின் கடிதங்களுக்கு அதனால் யாதொரு பயனும் விளையவில்லை.

நிலைமை மாறத் தொடங்கியது 1970களிலாகும். வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் கணினிகளைத் தொலைபேசிக் கம்பிகளால் இணைக்கத் தொடங்கியதும், பொதுப் பாவனைக்கான மறையீட்டு முறையொன்று தேவைப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமைத்த முறையொன்றை அமெரிக்க நியமங்கள் பணியகம் 1975 மார்ச்சு மாதத்தில் மக்கள் பார்வைக்கு வெளியிட்டு, 1977இல் நியமமாக ஏற்றுக்கொண்டது. முறை பகிரங்கமாயினும் அதன் உள்ளே அமைந்த சில அட்டவணைகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பது கூறப்படவில்லை. தேசிய பாதுகாப்பு முகவர் நிலையம் அவற்றை நோக்கியிருந்தது என்பது மட்டுந் தெரிந்தது. திறவுகோலின் நீளமும் 56 துணுக்குகளாகக் குறுகியிருந்தது. ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விற்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் இரண்டையுங் கடுமையாக விமர்சித்தனர். அட்டவணைகளுள் இரகசியக் கதவொன்று உண்டோ என்ற ஐயம் பரவலாயிற்று.

இவ்வையத்தின் பிற்கால வரலாறு மிகுந்த கவனத்துக்குரியது. 1990ஆம் ஆண்டளவில் இஸ்ரேலியரான பிஹாம், ஷமீர் ஆகியோர் மறையீடுகளைத் தாக்கும் புதிய முறையொன்றைக் கண்டு வெளியிட்டனர். அம்முறையைக் கொண்டு சோதித்தபோது, ஐயத்துக்குரிய அட்டவணைகள் அத்தாக்குதலை எதிர்க்கும் வகையிலே திறமையாக அமைந்திருக்கக் கண்டனர். அத்தாக்குதலைத் தாம் 1974லேயே அறிந்திருந்ததாகவும், அறிந்தே அட்டவணைகளை வலுப்படுத்தியதாகவும், வெளியிடலாகாது என்பதால் வாளாவிருந்ததாகவும் ஐ.பி.எம். நிறுவனத்தின் டொன் கொப்பர்சிமித் 1994இல் எழுதினார். ஆகவே, அட்டவணைகளைப் பற்றிய ஐயம் தவறானது. திறவுகோலைப் பற்றிய ஐயமோ முற்றிலுஞ் சரியானது: 1998 ஜூலை மாதத்தில் இலத்திரனியல் எல்லை அறக்கட்டளையினர் 250,000 டொலருக்கு உட்பட்ட செலவில் ஓர் இயந்திரத்தை அமைத்து, இத்தகைய திறவுகோல் ஒன்றினை 56 மணி நேரத்திற் கண்டுபிடித்தனர். காரணங் கூறாத நிபுணர் நல்லது செய்திருந்தாலும் மக்கள் அதனை அறிய இருபதாண்டுகள் சென்றன. நன்மையும் தீமையும் ஒரே திரையின் பின்னால் நின்றால் வெளியே இருப்பவன் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

எனினும் உண்மையான திருப்பம் வேறிடத்திலே நேர்ந்தது. அதுவரை இருந்த எல்லா முறைகளிலும், இருவர் இரகசியமாக உரையாட வேண்டுமாயின் முன்னதாகச் சந்தித்தோ நம்பிக்கையான தூதுவன் மூலமோ ஒரே திறவுகோலைப் பகிர்ந்திருத்தல் வேண்டும். அரசாங்கங்களுக்கு இது இயலும். கண்டியிலிருந்து கனடாவுக்கு எழுதும் சாதாரண மனிதனுக்கு இயலாது. 1974ஆம் ஆண்டில் பேர்க்லியிலே மாணவராயிருந்த றால்ஃப் மேர்க்கிள், முன்பின் அறியாத இருவர் பிறர் கேட்கும் வழியிலேயே இரகசியத் திறவுகோலொன்றை உண்டாக்கிக்கொள்ளலாம் எனும் எண்ணத்தைப் பாடநெறிக்குரிய ஆய்வாக முன்வைத்தார். அவருடைய ஆசிரியர் அதனை ஏற்கவில்லை. (மாணவர் சஞ்சிகையொன்றில் இச்செய்தியைக் குறிப்பிடாது விடுதல் அநீதியாகும்.) 1976இல் டிபியும் ஹெல்மனும் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தை முழுமைப்படுத்திற்று. அதன் சாரத்தை இவ்வாறு கூறலாம்: ஒருவன் தன் பூட்டுக்களைத் திறந்த நிலையிலே ஊரெங்கும் வழங்கிவிடுகிறான்; திறவுகோலைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். அவனுக்கு எழுத விரும்புபவர் எவரும் கடிதத்தைப் பெட்டியிலிட்டு அப்பூட்டை அமுக்கிப் பூட்டிவிடலாம். பூட்டியவர் தாமே மீண்டுந் திறக்க முடியாது.

அத்தகைய பூட்டினைக் கணிதத்திற் கண்டவர்கள், மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர். இரு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத்தினின்று அவ்விரண்டையும் மீட்டல் அரிது. 1977 ஓகஸ்ற் மாதத்தில் ‘சயன்றிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில் மார்ட்டின் கார்ட்னர் தம் கணிதப் பத்தியிலே இதனை விளக்கி, 129 இலக்கங்களைக் கொண்ட எண்ணொன்றையும் 100 டொலர் பரிசையும் அறிவித்தார். கோடானுகோடி ஆண்டுகள் செல்லும் என மதிக்கப்பட்ட அவ்வெண், இணையத்தின் மூலம் ஒன்றுசேர்ந்த அறுநூறளவு தொண்டர்களின் முயற்சியால் 1994ஆம் ஆண்டிலேயே பிரிக்கப்பட்டது. இதனால் முறை வீழ்ந்ததில்லை. எண்ணின் நீளம் கூட்டப்பட்டது. திறந்த முறையின் இயல்பு இதுவே: எவ்வளவு வலியது என்பதை எல்லாரும் அளந்துகொண்டே இருப்பர்.

அதிகாரத்தரப்பினர் இதனை விரும்பவில்லை. 1977 ஜூலையிலே தேசிய பாதுகாப்பு முகவர் நிலையத்தின் ஊழியரொருவர், இத்தகைய ஆய்வுகளை வெளியிடுவது ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் எனப் பொறியியலாளர் சங்கமொன்றுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஒக்ரோபரிற் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கருத்தரங்கிலே, சட்டத்தரணியின் ஆலோசனைப்படி மாணவர்கள் பேசாது நிற்க, அவர்களின் கட்டுரைகளை ஹெல்மனே வாசித்தார். வழக்கு வந்தால் தாம் எதிர்கொள்ளலாம், எதிர்காலத்தைத் தொடங்கும் மாணவர் அல்லர் என்பது கருத்து.

இதே காலத்தில் அத்திலாந்திக்கின் மறுகரையிலே நிகழ்ந்ததை ஒப்புநோக்கின் ஓர் உண்மை துலங்கும். பிரித்தானிய அரசின் செய்தித் தொடர்புத் தலைமையகத்தில் ஜேம்ஸ் எல்லிஸ் 1970இல் இக்கருத்தின் மூலத்தை எழுதியிருந்தார். கிளிபர்ட் கொக்ஸ் 1973இலும் மல்கம் வில்லியம்சன் 1974இலும் கணித வடிவங் கொடுத்திருந்தனர். அமெரிக்கருக்கு முன்னரே எல்லாம் முடிந்திருந்தது. ஆனால், இரகசியமென முத்திரையிடப்பட்ட அக்குறிப்புக்கள் 1997 டிசெம்பர் வரை வெளிவரவில்லை. எல்லிஸ் அதற்குச் சில வாரங்களின் முன் இறந்துபோனார். பூட்டி வைத்த கண்டுபிடிப்பு எவருடைய கடிதத்தையும் காக்கவில்லை.

1991 ஜூன் மாதத்தில் பில் சிம்மர்மன் என்னும் அமெரிக்க நிரலாளர், சாதாரணக் கணினிகளிலே மின்னஞ்சலைப் பூட்டவல்ல ‘பி.ஜி.பி.’ என்னும் மென்பொருளை, மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டார். அதில் அவர் தாமே ஆக்கிய மறையீடொன்று இருந்தது. அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. சில வாரங்களில் ஆய்வரங்கொன்றிலே பிஹாமைச் சந்தித்து அதனைக் காட்டியபோது, அதன் குறைகளைப் பிஹாம் உடனுக்குடன் சுட்டிக்காட்டினார். சிம்மர்மன் அதனைக் கைவிட்டு, சுவிற்சர்லாந்திலே ஆராய்ந்து வெளியிடப்பட்ட வேறொரு மறையீட்டை அடுத்த ஆண்டிற் பதிலாக இட்டார். இந்நிரல் மூடி வெளியிடப்பட்டிருப்பின் அக்குறை எத்தனை ஆண்டுகள் எத்தனை பேரை ஏமாற்றியிருக்குமோ கூறுதற்கரிது.

நிரல் இணையவழி நாடுகளைக் கடந்தது. வலிய மறையீடு அக்கால அமெரிக்கச் சட்டப்படி போர்த்தளபாடம். அனுமதியின்றி ஏற்றுமதி செய்தல் குற்றம். 1993 தொடக்கம் சிம்மர்மன் குற்றப் புலனாய்வுக்கு உட்பட்டிருந்தார். 1995இல் அந்நிறுவகத்தின் பதிப்பகம் நிரல் முழுவதையும் ஒரு புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டது. அச்சிட்ட புத்தகத்தை ஏற்றுமதி செய்யத் தடையில்லை. பின்னர் வந்த பதிப்பொன்றின் அச்சுப் பக்கங்களை ஐரோப்பியத் தொண்டர்கள் ஒளிவருடி மீண்டும் நிரலாக்கினர். ஆயுதமெனத் தடுக்கப்பட்டது, நூலெனச் சுங்கத்தைக் கடந்தது! 1996 ஜனவரியில் வழக்கெதுவும் தொடராது புலனாய்வு கைவிடப்பட்டது. மூல நிரலும் பேச்சுரிமைக்கு உட்பட்டதே என 1999இல் டானியல் பேர்ன்ஸ்ரைன் தொடுத்த வழக்கிலே மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று கருதியது. அத்தீர்ப்பு மீள்விசாரணைக்கென விலக்கப்பட்ட போதிலும், ஏற்றுமதி விதிகள் அதற்கடுத்த ஆண்டளவிற் பெரிதுந் தளர்த்தப்பட்டன.

அரசாங்கத்தின் மறுமொழி 1993 ஏப்ரிலில் வெளிப்பட்டது. ‘கிளிப்பர்’ என்னும் சில்லினைத் தொலைபேசிகளிற் பொருத்தலாம், உரையாடல் பூட்டப்படும், ஆயின், ஒவ்வொரு சில்லினதுந் திறவுகோல் இரு கூறாக்கப்பட்டு இரு அரச நிறுவனங்களிடம் வைக்கப்பட்டிருக்கும், நீதிமன்ற ஆணையுடன் அதிகாரிகள் அதனைப் பெறலாம். 1711ஆம் ஆண்டுச் சட்டம் சில்லு வடிவில் மறுபிறப்பெடுத்தது எனலாம். மறையீட்டு முறையோ இரகசியம். 1994இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மற் பிளேஸ், அரசாங்கம் திறவுகோலை அடையாளங் காண்பதற்கு உதவும் பகுதியைக் காத்த சரிபார்ப்பு எண் 16 துணுக்கு நீளமே உடையது என்பதைக் கண்டார். 65,536 சேர்க்கைகளுள் ஒன்று. சிறிது நேர முயற்சியாற் பொய்யானதை உண்டாக்கி, அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டு மறையீட்டை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். இரு ஆண்டுகளுள் அத்திட்டம் மறைந்தது.

இணைய உலாவிக்கும் இதே படிப்பினை கிட்டிற்று. 1995 செப்ரெம்பரில் பேர்க்லியின் பட்டப்பின் மாணவர்களான இயன் கோல்ட்பேர்க், டேவிட் வாக்னர் ஆகிய இருவர், அக்காலத்தில் முன்னணியிலிருந்த நெற்ஸ்கேப் உலாவியின் நிரலைப் பகுத்து ஆராய்ந்தனர். அதன் மூல நிரல் அப்போது வெளியிடப்பட்டிருக்கவில்லை. உலாவி தன் இரகசியத் திறவுகோலை நாளின் நேரத்தையும் ஓரிரு எளிய கணினி எண்களையும் கொண்டே உண்டாக்கிற்று, ஊகிக்கத்தக்கது. கையடக்கத் தொலைபேசி உரையாடல்களைக் காத்த மறையீடும் இரகசியமாகவே வைக்கப்பட்டு, 1994இற் கசிந்து, 1999இல் முற்றாக வெளிப்பட்டு, வலுவற்றதென நிறுவப்பட்டது. ஹொப்ஸ் இருந்திருப்பின் வியந்திருக்க மாட்டார்.

2013 ஜூனில் எட்வேர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், 1844இன் கொந்தளிப்பை உலகளவில் மீண்டும் எழுப்பின. அவற்றின் விளைவுகளுள் ஒன்று, நம்பிக்கையைச் சட்டத்தினின்று கணிதத்துக்கு இடம்பெயர்த்தமை. வலைத்தளங்களுக்கான பாதுகாப்புச் சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் ‘லெற்ஸ் என்கிரிப்ற்’ 2015 இறுதியிற் பொதுப் பாவனைக்கு வந்தது. மொக்சி மார்லின்ஸ்பைக், ட்ரெவர் பெரின் ஆகியோர் வகுத்த ‘சிக்னல்’ செய்திமுறையிலே, செய்திதோறுந் திறவுகோல் மாறும். இன்றைய திறவுகோல் களவுபோனாலும் நேற்றைய செய்தி திறக்காது. அம்முறையை 2016 ஏப்ரிலில் நூறு கோடிக்கு மேற்பட்ட பாவனையாளரைக் கொண்ட வட்ஸ்அப் முழுமையாக ஏற்றது. மற்சினி கனவிலுங் காணாத பூட்டு, ஆச்சியின் கைத்தொலைபேசிக்கும் அவரறியாமலே வந்து சேர்ந்தது.

எனினும் வேறுபாடுகளை மறத்தலாகாது. சிக்னல் செயலியின் நிரலை எவரும் வாசிக்கலாம். வட்ஸ்அப்பின் முறை வெளியிடப்பட்டதாயினும் செயலியின் நிரல் மூடியது. ரெலிகிராமில் ‘இரகசிய உரையாடல்’ எனத் தெரிந்தாலன்றிச் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. இதனை அறியாதவர் பலர். மேலும், கடிதத்தின் உள்ளே இருப்பது போலவே உறையின் மேலிருப்பதும் பேசும். யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பதைக் கொண்டே ஒருவரின் வாழ்க்கையைப் பெரிதும் வரைந்துவிடலாம். 2016இல் அமெரிக்க நீதிமன்ற அழைப்பாணையொன்று சிக்னல் நிறுவனத்தாரிடம் பாவனையாளர் விவரங்களைக் கோரியபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் இறுதியாக இணைந்த நாளையும் தவிர வேறெதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. கொடுக்க மறுத்தமையன்று, வைத்திராமையே காவலாயிற்று. 2018இல் அனுப்புநரின் அடையாளத்தையும் உறையினுள்ளே மறைக்கும் முறையினை அவர்கள் கொணர்ந்தனர்.

மற்சினியின் கடிதங்கள் பிரிக்கப்பட்ட நாட்டிலே ஆணையும் பூட்டும் மீண்டும் நேருக்கு நேர் நின்றன. பிரித்தானிய அரசு 2016ஆம் ஆண்டுப் புலனாய்வு அதிகாரங்கள் சட்டத்தின் கீழ் இரகசிய அறிவித்தலொன்றைப் பிறப்பித்தது எனப் பத்திரிகைகள் வெளியிட்டதைத் தொடர்ந்து, 2025 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம், தானே திறக்கவியலாத தன் மேம்பட்ட சேமிப்புப் பாதுகாப்பினை அந்நாட்டுப் பாவனையாளருக்கு வழங்குவதை நிறுத்திற்று. பூட்டை உடைப்பதற்குப் பதிலாகப் பூட்டை விற்பனையினின்று அகற்றுதல் புதிய வழியாகும்.

திறந்த மூல நிரல் என்றதும் எல்லாங் காக்கப்பட்டுவிட்டன என்று எண்ணுவோரும் உளர். ‘எவரும் வாசிக்கலாம்’ என்பது ‘எவரோ வாசிக்கின்றார்’ என்பதாகாது. உலகின் வலைத்தளங்களுட் பெரும்பகுதி நம்பியிருந்த ‘ஓப்பின் எஸ்.எஸ்.எல்.’ நிரலில் 2012இல் வெளியான பதிப்பொன்றிற் புகுந்த தவறு, 2014 ஏப்ரில் வரை எவர் கண்ணிலும் படவில்லை. சேவைக் கணினியின் நினைவகத்திலிருந்து இரகசியங்களைக் கசியவிட்ட அத்தவறு வெளிப்பட்டபோதுதான், அந்நிரலைப் பேணியவருள் முழுநேர ஊழியர் ஒருவரே என்பதும், ஆண்டுதோறுங் கிடைத்த நன்கொடை இரண்டாயிரம் டொலரளவே என்பதும் உலகுக்குத் தெரிந்தன. நூலகம் திறந்திருந்தது, வாசகர் இல்லை.

2024இன் நிகழ்ச்சி இதனிலுங் கூரியது. தரவுகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசற்.’ என்னும் சிறு நிரலைத் தனியொருவர் தொண்டாகப் பேணிவந்தார். 2021 தொடக்கம் புனைபெயரில் வந்த ஒருவர் பொறுமையோடு உதவிகள் செய்து, நம்பிக்கையைப் பெற்று, இணைப்பேணுநராகி, ஈற்றிலே பிறருடைய சேவைக் கணினிகளுட் புகுவதற்கான இரகசிய வழியொன்றை அதனுள் இட்டார். அதனையும் எல்லாரும் நோக்கும் நிரற் களஞ்சியத்திலே வெளிப்பட வைக்கவில்லை. சோதனைக்குரியவை போன்ற கோப்புகளிற் புதைத்து, அவற்றை இயக்கும் பகுதியை வெளியீட்டுப் பொதியில் மட்டுஞ் சேர்த்தார். மைக்ரோசொப்ற் நிறுவனத்தில் பணியாற்றிய அன்றெஸ் பிறோயிண்ட் என்னும் பொறியியலாளர் வேறொரு வேலையாகத் தம் கணினியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலை நுழைவு வழமையினும் ஏறத்தாழ அரைச் செக்கன் தாமதிப்பதைக் கவனித்தார். காரணந் தேடி நிரலுள் இறங்கினார். மார்ச்சு 29ஆந் திகதி தாம் கண்டதைப் பகிரங்கமாக எழுதினார். அந்நஞ்சு அப்போது சில லினக்ஸ் வெளியீடுகளின் பரீட்சார்த்தப் பதிப்புக்களை மட்டுமே எட்டியிருந்தது. இன்னுஞ் சில மாதங்கள் சென்றிருப்பின் நிலையான பதிப்புக்களையும் எட்டியிருக்கக்கூடும்.